கல்யாணத்துக்கு இல்லை, வியட்நாமுக்கு

பென்னாகரத்தில் எங்கள் தெருப் பெண்கள் போடும் ஏலச் சீட்டில், போட்டி கூடக்கூடக் கைக்கு வரும் பணம் குறையும். ஆனால் ஒரு வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்றால் மற்றவர்கள் ஏலம் கேட்காமல் விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

நான் தையல்காரி, தனிக்கட்டை. முதுகுப்பையோடு வியட்நாம் போக ஆசைப்பட்டேன். மலிவான டிக்கெட், எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில், மத்தியானத்துக்குப் பொரி என்று எவ்வளவு சுருக்கியும், சீட்டுப் பணம் குறைந்தால் கணக்கு உதைத்தது.

"அக்கா மக கல்யாணம்னு சொல்லிடு," என்றாள் தோழி. நாக்கு நுனி வரை வந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"ஊர் சுத்தப் போறேங்க. அதுக்குத்தான் இந்தத் தடவ சீட்டு வேணும்," என்றேன் ஏலத்தன்று எல்லோர் முன்னாலும்.

சீட்டு நடத்தும் அக்கா சிரித்தார். "நல்ல காரியத்துக்குன்னா விடுவோம். ஊர் சுத்தறதுக்கெல்லாமா?"

"எனக்கு இதாங்க நல்ல காரியம். உங்க வூட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வாயத் தொறக்காம விட்டுக்குடுத்தேன். எனக்குக் கல்யாணம் ஆகலைங்கறதுக்காக என் முறை வராமயே போயிடுமா?"

ஏலம் கேட்கவென்றே வந்திருந்த பூக்காரம்மா, என்னோடு அதுவரை பேசியே இராதவர், எழுந்தார்.

"நான் கேக்கலைங்க. இந்தப் பொண்ணு போயிட்டு வரட்டும்."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

மற்றவர்களுக்குச் சீர் மணமேடையில் வந்தது. எனக்கு வியட்நாம் தலைநகர் ஹனோயில், எட்டுப் பேர் அறையில் ஒரு மேல்கட்டிலாக வந்தது. வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். அடுத்த சீட்டிலும் சேர்ந்திருக்கிறேன், மறுபடியும் கேட்பேன்.