சீனிக்குப் பதில் கொள்ளு

பவுனம்மாளைப் பற்றி அந்த அடுக்குமாடியில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். "அதுவா? மாட்டுக்குப் போடுறதையெல்லாம் மனுசனுக்குப் போடுமே" என்பார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளோ கீரைக்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, லிஃப்ட் பழுதான அந்தக் கட்டடத்தில் நான்காம் மாடிக்கு ஏறியபடியே, "மாடு நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

கிள்ளானில் அவள் படாத பாடில்லை. பக்கத்து ஊரான காப்பாரில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கணவன் முகுந்தன் லோரி ஓட்டியவன். இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி அவன் வலது காலில் இரண்டு விரல்களைத் தின்ற பிறகு லோரி போயிற்று, அந்தச் சம்பளமும் போயிற்று. அதே காலில் மறுபடி புண் வந்தபோது, இது ஆறாவிட்டால் முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்று கிளினிக் டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து பாதி, சாப்பாடு பாதி என்றும் சொன்னார்.

அன்று பஸ்ஸில் அவள் அழவில்லை. அந்த அழுகையை அப்படியே அடுப்பில் வைத்தாள்.

சனிக்கிழமைகளில் பாசாரில் சந்தை கலைகிற நேரமாகப் பார்த்துப் போவாள். வளைந்த பாகற்காய், வாடத் தொடங்கிய கங்கோங் கீரை, யாரும் சீந்தாத பொடிக் கெம்போங் மீன் எல்லாம் அப்போதுதான் அவள் விலைக்கு இறங்கி வரும். கோழிக்குப் பதில் சோயாவைப் புளிக்கவைத்த தெம்பே. கட்டடத்துக்குப் பின்னால் சாக்கடையோரம் நின்ற முருங்கையிலிருந்து கீரை. கேழ்வரகுக் களி, கொள்ளு ரசம், பச்சைப்பயறு. எல்லோருக்கும் ஒரே சட்டிதான்.

பள்ளிக்கூடம் போகும் மகள் விஷ்ணுப்ரியா நூடுல்ஸ் கேட்டு முணுமுணுப்பாள். "ஒரு பாக்கெட் மீ தின்னா செத்தா போயிடுவேன், அம்மா?"

"சாக மாட்டே. அப்பா காலப் பாத்துக்கிட்டே தின்னு."

பெண் களித் தட்டை இழுத்துக்கொள்ளும்.

இந்தக் குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவள் ஒருத்தி உண்டு. முகுந்தனின் அக்கா, பிரிக்ஃபீல்ட்ஸில் புடவைக்கடை வைத்திருக்கும் சீதாலெட்சுமி. தாயில்லாத தம்பியைப் சீனிப்பால் டின்னைக் கரைத்து ஊட்டியே வளர்த்தவள். அவள் அன்புக்கு இனிப்பைத் தவிர வேறு ருசி தெரியாது. மாதம் தவறாமல் ஆள் மூலம் மூட்டை வரும்: வெள்ளை அரிசி, சீனி, பால் டின், கிரீம் பிஸ்கட். மூட்டை வாயெல்லாம் சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கும்.

அந்த மூட்டையைப் பவுனம்மாள் அவிழ்ப்பதே இல்லை. அப்படியே கீழே நாகையாவின் மளிகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். அதற்குப் பதிலாகக் கொள்ளும் பயறும் கேழ்வரகும் வாங்கி வருவாள். மாதத்தின் பாதி அதில்தான் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீதாலெட்சுமி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். மாடி ஏறுமுன் தண்ணீர் வாங்க நாகையா கடைக்குள் நுழைந்தவள், அலமாரியில் தன் சிவப்புக் கயிறுகளைக் கண்டாள். நாகையாவுக்கு வாயில் பூட்டு கிடையாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மூச்சிரைக்க மேலே வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் குடுத்ததக் கடையில போட்டுட்டியா, பவுனு?"

"போட்டேன், அண்ணி. மொதல்ல உக்காருங்க."

"என் தம்பி வாய்க்குப் போனதப் புடுங்கி வித்திருக்கே. அவன் என்ன ஆடா, தழையும் கொள்ளும் திங்க? கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருக்கு பாரு. டேய் முகுந்தா, கிளம்பு. நம்ம வீட்டுக்கு வா. வயிறு நிறைய நான் போடறேன்."

முகுந்தன் நாற்காலியில் நிமிர்ந்தான். அவன் கண்ணில் ஓர் ஆசை மின்னி மறைந்ததைப் பவுனம்மாள் பார்த்துவிட்டாள். இருபது வருடம் சோறு போட்டவளுக்கு அந்தக் கண் தெரியாதா? போய்விடுவான். போனால் ஒற்றைக் காலோடுதான் திரும்புவான்.

அவள் கெஞ்சவில்லை. அவன் முன்னால் தரையில் அமர்ந்தாள். காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, புண்ணின் கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். வாடை எழுந்தது. சீதாலெட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போங்க, அண்ணி. ஆனா இதையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க. போன மாசம் எலும்பு தெரிஞ்சுது. இப்பதான் ஓரத்துல சதை வருது, பாருங்க. கிட்ட வந்து பாருங்க லா. மூடாதீங்க. தினமும் இதக் கழுவறது நான். நீங்க அனுப்பின சீனிய இவருக்குக் குடுத்திருந்தா, கழுவறதுக்குக் கால் இருந்திருக்காது."

சீதாலெட்சுமி மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். அந்தக் காலுக்குக் கொலுசு பூட்டி அழகு பார்த்தவள் அவள்.

"என்னைய விரோதியாக்கிட்டே" என்றாள் உடைந்த குரலில். "வா, முகுந்தா. நான் பத்தியமா ஆக்கிப் போடறேன்டா."

அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். ஆனால் எழவில்லை.

"அங்க வந்தா நான் தேத்தண்ணி கேப்பேன், அக்கா. கேசரி கேப்பேன். நீ இல்லைன்னு சொல்ல மாட்டே. ஒன்னால முடியாது." கண்ணீர் அவன் தாடியில் இறங்கியது. "இவ சொல்லுவா."

சீதாலெட்சுமி கையை உருவிக்கொண்டாள். "சரி. உங்க கொள்ளும் நீங்களும். இனிமே என் வீட்டுலேர்ந்து ஒரு மணி அரிசி வராது."

பவுனம்மாளுக்கு அடுத்த மாதம் கண்முன் வந்து நின்றது. மூட்டை இல்லையென்றால் கொள்ளும் இல்லை, பயறும் இல்லை. ஓவர்டைம் கேட்க வேண்டும். பாசாரில் இன்னும் கடைசி ஆளாக நிற்க வேண்டும். நிற்கலாம். இன்னும் எவ்வளவோ சிரிப்பைத் தாங்கலாம்.

"அரிசி வேணாம், அண்ணி" என்றாள். "வரதா இருந்தா வெறுங்கையோட வாங்க. ஒங்க தம்பியப் பாக்க."

சீதாலெட்சுமி படியிறங்கினாள். அழுகிற சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது. பவுனம்மாளும் அழுதாள், ஆனால் புண்ணைக் கழுவி, மருந்து போட்டு, புதுத் துணி கட்டி முடித்த பிறகுதான். பிறகு கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, களியை உருட்டித் தட்டில் வைத்தாள். முருங்கைக்கீரையை அதன்மேல் தாராளமாக அள்ளிப் போட்டாள்.

முகுந்தன் ஒரு வாய் வைத்தான்.

"உப்பு கொறச்சல், பவுனு."

"கொறச்சல்தான். சாப்பிடுங்க."