பாங்கோஸில் விழுந்த கெட்டிமேளம்

சங்கீதத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கச்சேரி முடிந்ததும் கைதட்ட வேண்டும் என்பது ஒன்றுதான். அதையும் சில சமயம் பாட்டு முடிவதற்கு முன்பே தட்டி மாட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட மண்டு நான் ஒரு மெல்லிசைக் குழுவில் சில வருடங்கள் இருந்தேன் என்றால், அந்தக் குழு எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இது அறுபதுகளின் நடுவில் திருச்சியில் நடந்தது. ஜங்ஷன் பக்கம் ஒரு ரேடியோ கடையில் நான் வேலை பார்த்தேன். நாள் முழுக்க ரேடியோ கேட்டதில் அறிவிப்பாளர் மாதிரி கணீரென்று பேச வந்துவிட்டது. கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசிக்கும் ஒரு குழு, பாட்டுக்குப் பாட்டு நடுவே பேச ஆள் தேடியது. போய் ஒட்டிக்கொண்டேன். பெயர்கள் வேண்டாமே. வாத்தியத்தின் பெயரையே ஆளுக்கும் வைத்துவிடுகிறேன்.

பேசுவதற்கு விஷயம் வேண்டுமே. ஒவ்வொருவரும் எங்கே, எப்படி வாசிக்கக் கற்றார்கள் என்று துருவ ஆரம்பித்தேன். எனக்கு அது பெரிய பைத்தியமாகவே ஆகிவிட்டது.

குழுத் தலைவர் ஆர்மோனியம், ஸ்ரீரங்கத்துக்காரர். சின்ன வயதிலிருந்து பஜனை கோஷ்டியில் வாசித்தவர். காதல் பாட்டை வாசித்தாலும் முடிக்கிற இடத்தில் விரல் தானாக மங்களத்துக்குப் போய்விடும். முன்வரிசையில் இருக்கும் மாமிகள் கச்சேரி முடிந்துவிட்டதென்று எழுந்து புடவையைச் சரிசெய்துகொள்வார்கள். கிளாரினெட், பாலக்கரையில் ஒரு பேண்டு செட்டில் ஊர்வலம் போய்ப் பழகியவர். நின்ற இடத்தில் வாசிக்கத் தெரியாது. பாட்டு சூடுபிடித்தால் கால்கள் நடக்க ஆரம்பிக்கும். மேடையின் ஓரத்துக்கு வந்தால் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுப்பது என் வேலை. பாடகர் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்கப் பாடியே பழகிய தொண்டை. மைக்கை விட்டு இரண்டடி தள்ளி நிறுத்தினாலும் மைக் அலறும்.

புரியாத புதிர் பாங்கோஸ்தான். என்னைவிட இளையவர், அதிகம் பேச மாட்டார். தோல் போர்த்திய அந்த இரட்டை டப்பாவை மடியில் வைத்துத் தட்டினால் கூட்டம் தலையாட்டாமல் இருக்காது. எங்கே கற்றீர்கள் என்று கேட்டால் பொன்மலையில் ஒரு ரயில்வே கார்டிடம் என்பார். இன்னொரு நாள் கேட்டால் மெட்ராஸில் ஒரு ஸ்டூடியோவில் என்பார். கார்டு எப்போது மெட்ராஸுக்கு மாற்றலானார் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே டீ வாங்கப் போய்விடுவார்.

நான் விடுவேனா? துப்பறிந்தேன். அவருடைய வலது கை விரல் நுனிகளில் அடிக்கடி வெள்ளையாகப் பசை காய்ந்திருக்கும். ஆகா, இவர் பகலில் சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர், கௌரவத்துக்காக மறைக்கிறார் என்று முடிவுகட்டி மற்றவர்களிடம் ரகசியமாகச் சொல்லியும் வைத்தேன். கிளாரினெட் அதை நம்பி, புதுப் படத்துக்கு டிக்கெட் கிடைக்குமா என்று அவரிடமே கேட்டுவிட்டார். பாவம், பாங்கோஸ் திருதிருவென்று விழித்தார்.

அப்புறம்தான் ஸ்ரீரங்கத்தில் அந்தக் கல்யாணம் வந்தது. காலையில் முகூர்த்தம், மாலையில் அதே பந்தலில் வரவேற்பும் எங்கள் பாட்டும். முகூர்த்தத்துக்கு வாசித்த மேளக்காரர்களும் இன்னும் கிளம்பவில்லை. நாங்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தோம். பாங்கோஸ் பந்தலுக்குள் ஒரு பார்வை பார்த்தவர், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாழைமரத்துக்குப் பின்னால் போனார்.

"அண்ணே, அங்க மேளக்காரங்க உக்காந்திருக்காங்கல்ல, தவில் பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு ஒருத்தர்? எங்க அப்பா."

அப்போதுதான் புரிந்தது. பரம்பரை பரம்பரையாகத் தவில் வாசிக்கிற குடும்பம். விரலில் இருந்தது போஸ்டர் பசை இல்லை. தவில்காரர்கள் வலது கை விரல்களில் துணியைச் சுற்றிப் பசை தடவிக் காயவைத்து மாட்டிக்கொள்வார்களே, அந்தக் கூடு விட்டுப்போன தடம். சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிற எவனும் வீட்டுத் தவிலைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பாம். இவருக்கோ கை கேட்கவில்லை. திருவெறும்பூர் பக்கம் வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டு எங்களோடு சுற்றிக்கொண்டிருந்தார்.

"வர்ற தையில முதல் தடவையா என்னைப் பக்கத்துல ஜோடித் தவிலா உக்கார வைக்கிறேன்னு சொல்லியிருக்காரு. இந்த டப்பாவோட பாத்தாருன்னா அதோட போச்சுண்ணே."

தலைவரிடம் ஓடினேன். பாங்கோஸ் இல்லாமல் முடியாது, பெண் வீட்டார் உட்கார்ந்தாயிற்று என்று கையை விரித்துவிட்டார். சரி, மறைத்துவிடுவோம் என்று நானே பொறுப்பேற்றேன். ஆர்மோனியத்துக்குப் பின்னால் அவரை உட்கார வைத்து, என் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, பாடகரின் மப்ளரைத் தாடையோடு சேர்த்துச் சுற்றினேன். பார்ப்பதற்குப் பல்வலிக்காரர் மாதிரி இருந்தார். அறிமுகத்தில் அவரை மட்டும் விட்டுவிட்டேன். அப்பா பந்தலின் மறு கோடியில் காபி குடித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நாலைந்து பாட்டு நன்றாகவே போயிற்று.

அடுத்தது ஒரு சோகப் பாட்டு. காதலியைப் பிரிந்தவன் உருகுகிறான். பாடகருக்கு நாடக ஞாபகம் வந்து உருக்கத்தில் ஓர் அடி முன்னால் வந்துவிட, மைக் கிறீச்சென்று கத்தியது. மைக் செட்காரர் எதிரே தூணடியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். சத்தத்தை ஒரு புள்ளி குறை என்று சொல்வதற்காக ஆள்காட்டி விரலைத் தூக்கி அவரைப் பார்த்து வேகமாக ஆட்டினேன்.

தாலி கட்டுகிற நேரத்தில் மேளக்காரர்களைப் பார்த்துப் பெரியவர்கள் எப்படி விரலை ஆட்டுவார்கள்? அச்சு அசலாக அப்படியே.

பாங்கோஸின் கண்ணில் என் விரல் பட்டது. அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து கல்யாணப் பந்தல்களில் கிடந்த கை அல்லவா. சோகப் பாட்டின் நடுவே அந்தச் சின்ன டப்பாவில் படபடவென்று கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டார். மாமிகள் அவசரமாக அட்சதைக்குக் கையை நீட்டினார்கள். ஒரு பெரியவர் கையில் அகப்பட்ட உதிரிப்பூவை மணமக்கள் மேல் வீசியே விட்டார். இதெல்லாம் போகட்டும். மறு கோடியில் கண்ணை மூடியிருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே தவிலை இழுத்துப் போட்டுக்கொண்டு தானும் சேர்ந்து கொட்டினார்.

இரண்டும் ஒன்றாக ஓடி ஒன்றாக நின்றன. அப்பா கண்ணைத் திறந்தார். கறுப்புக் கண்ணாடி, மப்ளர் எதையும் அவர் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்.

"விரலை வச்சுண்டு சும்மா இருக்கப்படாதா ஓய்" என்று என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தபடி தலைவர் அவசரமாக அடுத்த பாட்டை எடுத்தார். பாங்கோஸ் குனிந்த தலை நிமிராமல் வாசித்தார். அப்பா எழுந்து மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

என்ன ஆனாலும் சரியென்று குதித்து இறங்கி வழியை மறித்தேன்.

இன்றைக்கும் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் வாசிக்கிறவரின் முகத்தை நான் பார்ப்பதில்லை. எந்த வீட்டிலிருந்து, எந்தத் தெருவிலிருந்து கிளம்பி வந்த கை இது என்று கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மனிதர்கள் வாயால் எதை மறைத்தாலும் கற்றதை மறைக்க முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் அந்த நிமிடம் இந்த ஞானமெல்லாம் வரவில்லை. தப்பு முழுக்க என்னுடையது, மைக் செட்காரருக்குக் காட்டியதை உங்கள் பையன் தப்பாக எடுத்துக்கொண்டார் என்று உளறிவிட்டு, கடைசியில் கேட்டேவிட்டேன்.

"தையில அவரைப் பக்கத்துல உக்கார வைப்பீங்கதானே ஐயா?"

அவர் என்னைத் தாண்டி மேடையைப் பார்த்தார்.

"அடி சரியாத்தான் இருக்கு, வாத்தியந்தான் சின்னது."