மூடியில் ஒரு துளை

ஜெர்மனியின் ஹம் நகரம், 1996. ரயிலுக்கு நேரமிருப்பதால் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்திருக்கிறேன். பழைய சீனக் கிராமமொன்றில் தோண்டியெடுத்த மண்தாழி கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. மூடியில் ஒரு துளை. ஜெர்மன் குறிப்பு எனக்குப் புரியவில்லை. காவலுக்கு நிற்கும் யாழ்ப்பாணத்துப் பெண் என் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே சொல்கிறார்.

“செத்த குழந்தையளை இதுக்குள்ள வைச்சு, வீட்டுக்குப் பக்கத்திலயே தாட்டிருக்கினம். உயிர் வந்து போகத்தான் ஓட்டையாம்.”

“வீட்டுக்குப் பக்கத்திலேயா?”

“ஓம். தூர விட மனம் வரேல்லைப் போல.” கண்ணாடியில் இருந்த விரல் தடத்தைத் துடைக்கிறார். “என்ர மனுசன் கனடா போவம் எண்டு நிக்கிறார். எங்கட பிள்ளை இஞ்சத்தைச் சவக்காலையில கிடக்கிறாள். மூண்டு மாசப் பிள்ளை. நான் ஏலாது எண்டிட்டன்.”

“அப்போ அவர் மட்டும் போறாரா?”

“ஓம், வாற மாசம்” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போகிறார்.