ஒரு கையால் வளர்த்த கிரகம்

டயாலிசிஸ் ஓடும்போது இடது கையை அசைக்கக் கூடாது. அசைத்தால் ஊசி நகரும், மிஷின் கத்தும், மிஷின் கத்தினால் டெக்னீஷியன் வந்து நம்மைப் பார்த்துக் கத்துவார். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், எனக்கென்று மிஞ்சுவது வலது கை ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு மூக்கைச் சொறியலாம், போனைப் பார்க்கலாம். போனிலும் பாருங்கள், எந்த விளையாட்டை எடுத்தாலும் இரண்டு கை கேட்கிறது. ஓடு, சுடு, தாவு என்று உயிரை வாங்குகிறது. தேடித் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தேன். கட்டைவிரல் ஒன்று போதும், அவசரமே இல்லை.

இருட்டான ஆகாயம். நடுவில் நாம் ஒரு தூசி. விரலால் தள்ளினால் நகர்வோம். பக்கத்தில் மிதக்கும் தூசிகள் நம் இழுப்புக்குள் வந்து நம்மைச் சுற்ற ஆரம்பிக்கும். விரலை அழுத்திப் பிடித்தால் அவற்றை முழுங்கிவிடுவோம். முழுங்க முழுங்கப் பெரிதாவோம். தூசி கல்லாகும், கல் கிரகமாகும், கிரகம் இன்னும் தின்றால் தீப்பிடித்துச் சூரியனாகும். ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. திரையின் மூலையில் நம் எடை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்த எடைதான் எனக்குப் பிடித்தது. டயாலிசிஸ் அறைக்குள் நுழைந்ததும் எங்களை எடை மிஷினில் ஏற்றுவார்கள். எங்களுக்கு மூத்திரம் போகாது. குடித்ததெல்லாம் உடம்பிலேயே நிற்கும். போன தடவையைவிட எடை ஏறியிருந்தால் தொலைந்தோம். "இன்னாம்மா, கொடம் கொடமா குடிச்சியா?" என்று எல்லார் முன்னாலும் மானம் போகும். வெயிலில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில், குடிகாட்டுக் கெமிக்கல் பாக்டரிகளின் நாற்றத்தைக் குடித்துக்கொண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட வந்து இறங்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? எடை ஏற ஏறச் சந்தோஷப்படுகிற ஓர் இடம் எங்கேயோ இருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

கடலூரில் இடம் கிடைக்காததால்தான் சிதம்பரம். அதற்கு முன்னால் மஞ்சக்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வாரத்தில் மூன்று நாள் லீவு கேட்கிறவளை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? நிறுத்திவிட்டார்கள். கூடப்பிறந்த அண்ணன் ஒருவன் இருக்கிறான். கிட்னி என்ற சொல்லை ஒரே ஒரு முறை அவனிடம் பேச்சுவாக்கில் எடுத்தேன். அதற்குப் பிறகு அவன் என் போனை எடுப்பதில்லை. நல்லா இருக்கட்டும்.

எனக்கு அடுத்த படுக்கைக்காரர் அண்ணாகிராமத்துப் பக்கம். பலாவும் முந்திரியும் வைத்திருக்கிற விவசாயி, ஐம்பது வயதிருக்கும். நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்ட நாட்களில் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு மூச்சிரைக்க ஓடி வருவார். அங்கிருந்து எங்களுக்கு ஒரே பஸ். என்னைத் தங்கச்சி என்பார். நான் அண்ணே என்பேன். சொந்த அண்ணனைக் கூப்பிட்ட வாய் சும்மா இருக்குமா?

எங்களுக்குப் பலாப்பழம் ஆகாது. அதிலிருக்கிற உப்பு எங்கள் ரத்தத்தில் ஏறினால் நெஞ்சே நின்றுவிடும் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். தோப்பே வைத்திருக்கிற மனுஷன் ஒரு சுளையை வாயில் போட முடியாது.

"வியாபாரி வந்து பழம் எப்டின்றான். நாக்குல வச்சிப் பாக்காம நான் இன்னாத்த சொல்றது?" என்று புலம்புவார்.

"மோந்து பாத்து சொல்லுங்க."

"மோந்தா பசிக்குது தங்கச்சி."

ஒரு நாள் என் போனை எட்டிப் பார்த்து, "அது இன்னா, கோலி குண்டா?" என்றார்.

"கிரகம்ணே. நான் வளக்கறேன்."

"வளத்து?"

"வளத்து ஒண்ணுமில்ல. வளக்கறதுதான்."

"முந்திரிக்கு இது தேவலாம் போலக்குதே. பூச்சி வுழாது," என்று தன் போனை நீட்டினார். நான் ஏற்றிக் கொடுத்தேன்.

நான் அவசரக்காரி. கண்டதையும் முழுங்கி, ஒரே நாளில் சூரியனாகி, வெடித்து, மறுபடி தூசியாகிவிடுவேன். அவர் அப்படியில்லை. மரத்துக்குத் தண்ணீர் காட்டுகிறவர் மாதிரி பொறுமையாக, ஒவ்வொரு தூசியாகப் பார்த்துச் சேர்த்தார். எனக்கு ஒருநாளும் வராத ஒன்று அவருக்கு வந்தது. கிரகத்தின் இருண்ட பக்கத்தில் சின்னச் சின்ன விளக்குகள். உயிர்கள் உண்டாகிவிட்டன என்று விளையாட்டே எழுதிக் காட்டியது.

"தங்கச்சி! லைட்டு எரியுது பாரு. ஊருடி!" என்று கத்தினார். உற்சாகத்தில் 'டி' போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். டெக்னீஷியன் ஏதோ ஆகிவிட்டதென்று ஓடி வந்து, பார்த்துவிட்டு, திட்டிவிட்டுப் போனார்.

இன்னும் தின்றால் சூரியனாகும், சூரியனானால் அந்த விளக்கெல்லாம் எரிந்துபோகும் என்று நான்தான் சொன்னேன். "அப்ப போதும்," என்றார். அன்றோடு கிரகத்தை வளர்ப்பதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் விளையாடியதெல்லாம் தூசி வந்து விழாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போவதுதான். கூடவே ஒரு நிலா சுற்றிக்கொண்டிருந்தது. எப்போதோ வந்து மாட்டிய கல், உருண்டு திரண்டு நிலாவாகியிருந்தது.

"அதையாவது முழுங்குங்கண்ணே. ஒரேயடியா சூரியனாயிடாது, கொஞ்சம் எடை ஏறும், அவ்ளோதான்."

"இருக்கட்டும். அது பாட்டுக்கு சுத்திக்கிட்டு கெடக்குது. நம்மள இன்னா பண்ணுது?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் அவர் மனைவியைப் பார்த்தேன். அன்றைக்கு அவரோடு துணைக்கு வந்திருந்தார். அவர் டிக்கெட்டுக்குச் சில்லறை மாற்றப் போன நேரத்தில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். முந்திரிக் கொட்டை உடைத்து உடைத்து, அதன் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்து வெந்திருந்தது.

"என்னோட கிட்னி அவருக்கு சேருதுன்னு சொல்லிட்டாங்க தங்கச்சி. எல்லா டெஸ்ட்டும் பாத்தாச்சி. குடுக்கறேன்னு நான் சொல்றேன், வேணாம்ன்றாரு. இன்னான்னு கேட்டா மூஞ்ச திருப்பிக்கிறாரு. நீ சொன்னா கேப்பாரு. நாளெல்லாம் உன்னப்பத்திதான் பேசுவாரு. சொல்லும்மா."

எனக்கு வந்ததே கோபம்! பஸ்ஸில் அந்த அம்மா இருந்ததால் வாயைக் கட்டிக்கொண்டு வந்தேன். அவரவர் படுக்கையில் படுத்து, ஊசி குத்தி, மிஷின் ஓட ஆரம்பித்ததும் ஆரம்பித்தேன். எழுந்து ஓட முடியாதல்லவா, நல்ல வசதி.

"இன்னாண்ணே, பெரிய தியாகின்னு நெனப்பா?"

"யார் சொன்னது ஒனக்கு?"

"யார் சொன்னா இன்னா? ஏன் வேணாம்ன்றீங்க?"

போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பெருசாவணும்னா பக்கத்துல சுத்தறத முழுங்கணும். அதான இது? அவ காலையில எழுந்தா சாயங்காலம் வரைக்கும் ஓயமாட்டா. அவள அறுத்து எடுத்து நான் வாழ்ந்து இன்னாத்த கிழிக்கப் போறேன்? வச்ச கிட்னியும் நிக்குமோ நிக்காதோ."

"அது வெளையாட்டுண்ணே! இது உசுரு!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ, கொட்டிவிட்டேன். "எனக்குக் குடுக்க நாதி கெடையாது. கூடப்பொறந்தவன் போன எடுக்கமாட்டான். ஒங்களுக்கு ஒருத்தி தட்டுல வச்சி நீட்றா. வேணாமாம்! நீங்க போயிட்டீங்கன்னா ரெண்டு கிட்னிய வச்சிக்கிட்டு அந்தம்மா இன்னா பண்ணும்? மால போட்டு மாட்டிக்குமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். அழுகையைத் துடைக்க இருந்ததும் அந்த ஒரு கைதான். அறையே எங்களைப் பார்த்தது. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "இங்க பாரு," என்று போனைக் காட்டினார். விளக்குகளோடு அந்தக் கிரகம், சுற்றிக்கொண்டு அந்த நிலா. கட்டைவிரலை அழுத்திப் பிடித்தார். நிலா சுற்றுவதை நிறுத்தி, மெல்லச் சாய்ந்து, சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. கிரகம் கொஞ்சம் பருத்தது. விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன.

"ஒண்ணும் அணைஞ்சி போவல," என்றார். "நேத்து ரெண்டு பேரும் போயி கையெழுத்து போட்டுட்டம்."

மழைக்காலம் முடிந்ததும் சென்னையில் ஆபரேஷன் நடந்தது. அந்தப் படுக்கைக்கு வேறொருவர் வந்தார். வந்ததும் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர். நான் என் போக்கில் சூரியன்களை வெடித்துக்கொண்டிருந்தேன்.

பலா காய்க்கிற காலத்தில் ஒரு நாள் போன் வந்தது. பஸ் பரங்கிப்பேட்டைப் பிரிவைத் தாண்டிக்கொண்டிருந்தது, தாகத்தில் எனக்குத் தொண்டை வறண்டிருந்தது.

"தங்கச்சி, டாக்டரு ரெண்டு சுளை சாப்பிடலாம்னுட்டாரு! நம்ம கொல்லை மரம், தேனு! தண்ணி சொம்பு சொம்பா குடிக்கறேன், வஞ்சனையில்லாம போவுது!"

மூத்திரம் போவதை இவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷன் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்? எரிந்தது. கூடவே நன்றாகவும் இருந்தது.

"கிரகம் எப்டிண்ணே இருக்குது?" என்றேன்.

"எங்க தங்கச்சி, அதத் தொடவே நேரமில்ல," என்றார். உடம்பு சரியானவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு ஒரு நாள் உள்ளே நுழைகிறேன், அடுத்த படுக்கையில் அவர் படுத்திருந்தார். மாத்திரையில் முகம் ஊதியிருந்தது, கை கால் குச்சியாகியிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி. துணைக்கு வருகிறவர்களை உள்ளே விடமாட்டார்கள். அவர் இருந்த நிலையைப் பார்த்து இந்த அம்மாவை மட்டும் உள்ளே விட்டிருந்தார்கள்.

"ஒடம்பு ஏத்துக்கல தங்கச்சி," என்றார். இந்த வருஷம் காய்ப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

மருந்து மாத்திரை ஒன்று தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். டாக்டர்களும் தலைகீழாக நின்று பார்த்திருக்கிறார்கள். வாய்க்காரி நான், எனக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. யாரைத் திட்ட? அந்த அம்மாவின் கிட்னியையா? நிக்குமோ நிக்காதோ என்று அவர் அன்றைக்குச் சொன்னது காதிலேயே நின்றது. அந்த அம்மா எழுந்து நிற்கும்போதெல்லாம் விலாவில் கையை வைத்துக்கொண்டுதான் நின்றார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணி, நான் சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அட சும்மா இரு தங்கச்சி. என் கிட்னி ஓடிக்கிட்டு இருந்தப்ப, வெயில்ல வந்து நின்னு, சொம்பு தண்ணிய தூக்கி அண்ணாந்து ஊத்திக்கிட்டாரு. மடக்கு மடக்குன்னு. நான் எதுருலதான நின்னேன்? கண்ணால பாத்தேன்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மிஷின் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்தார். எட்டிப் பார்த்தேன். இருட்டான ஆகாயம், நடுவில் ஒரு தூசி.

"பழசு இன்னாண்ணே ஆச்சி? அந்த ஊரு?"

"அழிச்சிட்டேன்."

ஒரு கையால் பழையபடி ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தார். தூசி கல்லாகி, கல் கொஞ்சம் பருத்தது. எங்கிருந்தோ ஒரு சின்னக் கல் மிதந்து வந்து அவரைச் சுற்ற ஆரம்பித்தது. அவர் விலகிப் போனார். அதுவும் கூடவே வந்தது. வேகமாக இழுத்துக்கொண்டு ஓடினார், அது விடாமல் சுற்றியது. "போ, போ. கிட்ட வராத," என்று வாய்க்குள் முனகிக்கொண்டே விரலால் திரையைத் தேய் தேய் என்று தேய்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்த அம்மாவுக்கு அந்த விளையாட்டில் ஓர் எழுத்தும் தெரியாது. அவர் என்ன செய்கிறார் என்று குனிந்து பார்த்தார்.

"ஏங்க அத வெரட்றீங்க? அது பாட்டுக்கு சுத்தட்டுமே. உங்கள இன்னா பண்ணுது?"

அவர் விரலை எடுத்துவிட்டார். என் மிஷின் கத்தத் தொடங்கியது. எனக்குத் தெரியாமலே இடது கையை அசைத்திருக்கிறேன்.