இல்லை என்று சொல்லாத சனிக்கிழமை

நாட்டில் எரிபொருள் வரிசைகள் ஓய்ந்து ஒரு வருடம் போல் இருக்கும். கல்முனையில் என் வீட்டில், ஒரு சனிக்கிழமை பகல் நடந்தது இது. இன்றைக்கும் யாராவது என்னிடம் "என்ன முடிவாம்?" என்று கேட்டால் அந்தப் பகல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளன். பெயர்தான் பெரிது. எந்த விமானம் இறங்கலாம், எது ஏறலாம், எது பொறுத்திருக்க வேண்டும் என்று கோபுரத்தில் உட்கார்ந்து ரேடியோவில் சொல்வதுதான் வேலை. ஊரில் பாதிப் பேர் நான் விமானம் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அதைத் திருத்த அவ்வளவாக முயன்றதில்லை.

நாங்கள் இருந்தது கிழக்கில் ஒரு சின்ன விமான நிலையம். பகலில் மட்டும்தான் திறந்திருக்கும். ஒரு காலத்தில் எட்டுப் பேர் இருந்தோம், ஒவ்வொரு கடமை நேரத்துக்கும் இரண்டு பேர் உட்காருவோம். நாடு இருந்த நிலையில் மூன்று பேர் வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் ஐந்து பேர். அதனால் காலையில் ஒருவர், பின்னேரம் ஒருவர் என்று தனித்தனியாக இருக்க வேண்டி வந்தது.

தனியாக இருப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கோபுரத்தில் தனியாக இருப்பவர் கதிரையை விட்டு எழும்ப முடியாது. வானத்திலிருந்து யார், எந்த நிமிடம் கூப்பிடுவார் என்று தெரியாது. கழிப்பறையோ இரண்டு மாடி கீழே. ஆண்கள் நாங்கள் எப்படியோ சமாளித்தோம், எப்படி என்று இங்கே எழுத மாட்டேன். எங்களில் ஒரே ஒரு பெண், காரைதீவிலிருந்து வரும் தமிழ்ப் பெண். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் கண்டுபிடித்த வழி, விடிந்ததிலிருந்து கடமை முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. மாதக்கணக்கில் அப்படி இருந்து, காய்ச்சலும் முதுகுவலியுமாக ஒரு கிழமை ஆசுபத்திரியில் கிடந்தார். இனியும் இப்படி இருந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

நான் எங்கள் தொழிற்சங்கத்தின் பிராந்தியச் செயலாளர். மாதம் ஒரு சனிக்கிழமை, கடமையில் இருப்பவரைத் தவிர மற்ற எல்லோரும் என் வீட்டில் கூடுவார்கள். கொழும்பிலுள்ள விமானத் துறைத் தலைமை அலுவலகத்தோடு என்ன பேசினோம், எது ஆனது, எது ஆகவில்லை என்று நான் சொல்ல வேண்டும். கூட்டம் என்று பெயர், உண்மையில் அது ஒரு விருந்து. என் மனைவி கோழிப் புரியாணி ஆக்குவார். ஆண்கள் மூவரும் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அம்பாறையிலிருந்து வரும் சிங்களச் சகோதரர் சஹனில் தன் பக்கத்தை முடித்துவிட்டு மெதுவாக என் பக்கத்துக்கு எல்லை தாண்டுவார். தங்கச்சி உள்ளே என் மனைவியோடு சாப்பிடுவார். அந்தச் சிரிப்பும் சத்தமும் இப்போது நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

அந்த மாதம் தங்கச்சிக்கு வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்திலிருந்து வேலைக் கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவர் காரைதீவிலேயே ஆசிரியர். மகள் அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். பிள்ளையை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. ஆனால் உடம்பைக் கெடுத்துக்கொண்டு இருக்கவும் முடியாது. புதன்கிழமை என்னிடம் தொலைபேசியில் நேராகவே சொன்னார்.

"கோபுரத்துக்கு ரெண்டாவது ஆள் வருவாரெண்டா நான் போகல்ல அண்ணன். வராட்டி போறன். சனிக்கிழம உங்கட வாயால கேட்டுட்டுத்தான் முடிவெடுப்பன்."

மறுநாள் தலைமை அலுவலகத்துக்கு அழைத்தேன். அங்கிருந்த அதிகாரி சுற்றிவளைக்கவில்லை. சின்ன நிலையங்களுக்கு ஆள் எடுக்க அனுமதி இல்லை, இந்த வருடம் இல்லை, அடுத்த வருடமும் சந்தேகம்தான் என்றார். நான் விடாமல் கெஞ்சியதும், தொலைபேசியை வைப்பதற்காக, "சரி, பார்ப்போம்" என்றார். நான் அந்தப் "பார்ப்போம்" ஒன்றை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளும் எனக்குள் கணக்குப் போட்டேன். தங்கச்சி போனால் நாங்கள் நாலு பேர், லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை. இது ஒரு காரணம். மற்றக் காரணத்தை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். என் வீட்டில் என் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் "இல்லை" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நல்ல செய்தி கொண்டுவருகிற ஆள் என்று பெயர் எடுத்தவன் நான். அந்தப் பெயரை விட மனம் வரவில்லை.

சனிக்கிழமை சாப்பாடு முடிந்தது. தங்கச்சியும் ஹோலுக்கு வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழும்பி, கொழும்பிலிருந்து அமைச்சர் வந்ததுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். கோபுரத்து ஏசியைத் திருத்த ஆள் வரப்போகிறார். கண்ணாடிக்கு வெயில் மறைப்பு வரப்போகிறது. கீழ் அறைக்கு ஃபிரிட்ஜ் வரப்போகிறது. எல்லாம் உண்மைதான். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். தங்கச்சி மட்டும் அசையாமல் இருந்தார். அவர் ஏசிக்காக வரவில்லை.

"ரெண்டாவது ஆள்ர விசயமும் நல்லாத்தான் போகுது. மேலிடத்துல பாத்துக்கிட்டிரிக்காங்க. இன்ஷா அல்லாஹ், பெருநாளைக்கு முன்ன ஆள் வந்திருவார்" என்றேன்.

தங்கச்சி என்னையே பார்த்தார். பிறகு கேட்டார்.

"அண்ணன், பொறந்ததுல இருந்து உங்கட ஊருக்குப் பக்கத்துலதான் இருக்கன். இன்ஷா அல்லாஹ் ரெண்டு மாதிரி இருக்கு. நடக்கும் எண்டு நம்பிச் சொல்றது ஒண்டு. ஆளக் கழட்டி விடச் சொல்றது ஒண்டு. இது எது?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்பாறைச் சகோதரருக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "நம்பிச் சொல்றதுதான் தங்கச்சி" என்றேன்.

அவருடைய முகம் அப்படியே இளகியது. மனைவி இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தை அதுவரை தொடாமல் வைத்திருந்தவர், அப்போதுதான் கரண்டியை எடுத்தார். மகளின் பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்லத் தொடங்கினார். கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப் போகும்வரை அவர் பேசிக்கொண்டேயிருந்தார்.

எல்லோரும் போன பிறகு குசினியில் மனைவி என்னைப் பார்க்காமல் கேட்டார். "அந்தாள் போன்ல சொன்ன கதையும் நீங்க இப்ப சொன்ன கதையும் ஒண்டா?" நான் மிஞ்சிய புரியாணியை மூடி வைத்தேன். "அதுக்குள்ள அல்லாஹ்ட பேரையும் இழுத்துட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சஹனைக் கழுவப் போனார். அந்தச் சொல் எனக்கு நன்றாகவே சுட்டது. ஆனால் சுட்டதோடு சரி, நான் தொலைபேசியை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை தங்கச்சியே அழைத்தார். வேலை வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டாராம். மகள் துள்ளிக் குதித்தாளாம். பின்னால் அந்தப் பிள்ளையின் சத்தம் எனக்கும் கேட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "நல்லம் தங்கச்சி" என்று சொல்லி வைத்தேன்.

மூன்றாவது கிழமை கொழும்பிலிருந்து சுற்றுநிருபக் கடிதம் வந்தது. சின்ன நிலையங்களுக்குப் புதிய நியமனம் எதுவும் கிடையாது. கடிதத்தின் அடியில், இந்த முடிவு பிராந்தியச் செயலாளருக்கு ஏற்கனவே தொலைபேசியில் அறிவிக்கப்பட்டது என்று திகதியோடு எழுதியிருந்தார்கள். அது கோபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது காலைக் கடமையில் இருந்தவர் தங்கச்சி. எனக்கு அன்று பின்னேரக் கடமை. ஒன்றும் தெரியாமல் படியேறிப் போனேன்.

எங்கள் வேலையில் ஒருவர் சும்மா எழும்ப மற்றவர் சும்மா உட்கார முடியாது. போகிறவர் எல்லாவற்றையும் சொல்லிக் கையளிக்க வேண்டும், வருகிறவர் "எடுத்துக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். அதற்கு எங்களிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் வேலை செய்யாதவற்றைச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கதிரையில் உட்காரப் போகிறவர் பழுதான ஒன்றை நம்பிவிடக் கூடாதல்லவா?

தங்கச்சி ஓடுபாதையைப் பார்த்தபடியே, வழக்கமான குரலில் சொன்னார்.

"வேலை செய்யாதது. மாற்று ரேடியோ. காத்துத் திசை காட்டுற துணி கிழிஞ்சி போயிருக்கு. ரெண்டாவது ஆள் வாறல்ல, கடிதம் மேசை லாச்சிக்குள்ள இருக்கு. வேலை செய்யாததுல கடைசி, எங்கட செயலாளர்ர வாக்கு."

அதற்குப் பிறகு காற்றின் வேகத்தைச் சொன்னார். இரண்டு மணிக்கு ஒரு பயிற்சி விமானம் வரும் என்றார். பிறகு கேட்டார். "எடுத்துட்டீங்களா அண்ணன்?"

"எடுத்துட்டன்" என்றேன். அது என் குரல் போலவே இல்லை.

அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பின்னால் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், கதிரையை விட்டு எழும்ப முடியாது. நாலு பக்கமும் கண்ணாடி. அவர் வாசலைக் கடந்து, வெயிலில் நடந்து, பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரம் முழுக்க அந்த ஒரு பயிற்சி விமானம் மட்டும்தான் வந்தது. என்னைப் பற்றி யோசிக்க எனக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தது.

அந்தி மஃரிப் தொழுதுவிட்டு மனைவியையும் கூட்டிக்கொண்டு காரைதீவுக்குப் போனேன். கணவர் கதிரை போட்டார். அவர் முகத்திலும் சிரிப்பில்லை. நான் எதையும் மறைக்கவில்லை. வியாழக்கிழமையே தெரியும், தெரிந்துகொண்டுதான் சொன்னேன் என்றேன். வளைகுடாவுக்கு இன்னொரு தடவை எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அன்று பின்னேரமே எழுதிவிட்டாராம், அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டதாக உடனே பதில் வந்ததாம். பிறகு தங்கச்சி சொன்னார்.

"நீங்க இல்லெண்டு சொல்லியிருந்தாலும் ஒருவேள நான் போகாம இருந்திருப்பன் அண்ணன். புள்ளய விட்டுட்டுப் போறது லேசில்ல. ஆனா அது நான் எடுத்த முடிவா இருந்திருக்கும். இப்ப அது நீங்க எடுத்த முடிவு."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. அவர் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள், அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். என் மனைவிதான் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில், சாப்பாட்டுக்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லி, பதவியிலிருந்து விலகுகிறேன் என்றேன். தங்கச்சி வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். வந்திருந்தார், வாயும் திறந்தார். "பொய் சொல்லி மாட்டுப்பட்டவர் இனிமே பயந்து உண்மய சொல்லுவார். புது ஆளப் போட்டா அவரும் ஒருக்காப் பொய் சொல்லிப் படிக்கணும், அதுக்கு நம்மளால ஏலாது" என்றார். முதலில் சிரித்தது அம்பாறைச் சகோதரர். அத்தோடு ஒரு நிபந்தனையும் போட்டார்கள். கோபுரத்தில் கையளிப்பது போலவே கூட்டத்திலும் நான் முதலில் ஆகாததைச் சொல்ல வேண்டும்.

உண்மை மேசைக்கு வந்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. இரண்டாவது ஆள் வரமாட்டார் என்று திட்டமாகத் தெரிந்ததால், அம்பாறைச் சகோதரர் வேறு விதமாக யோசித்தார். ஆள் தராவிட்டால் போகட்டும், ஒரு கடமை நேரத்தில் இரண்டு தடவை, விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு, சில நிமிடம் கோபுரத்தை மூடிவிட்டுக் கீழே போய்வர அனுமதி கேட்போம் என்றார். கேட்டோம். மூன்று மாதத்தில் தந்துவிட்டார்கள். நான் பெருநாள் வரை என்று ஆசை காட்டிக்கொண்டே இருந்திருந்தால் இந்தச் சின்னக் கோரிக்கை எவருக்கும் தோன்றியிருக்காது. அனுமதி வந்த அன்று தங்கச்சி கோபுரத்திலிருந்து ஒரு படம் அனுப்பினார். மேசையில் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல், பாதி குடித்தது.

அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்தார். பிறகு வேறொரு நாட்டிலிருந்து வேலை வந்தது, குடும்பத்தோடு போகக்கூடியது. அந்த முறை யாரிடமும் கேட்காமல் முடிவெடுத்துவிட்டு வந்துதான் சொன்னார். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, மனம் கனக்கவும் செய்தது. அம்பாறைச் சகோதரரும் இடமாற்றம் கிடைத்துக் கொழும்புக்குப் போய்விட்டார். இப்போது கூட்டத்துக்கு வருபவர்கள் எல்லோரும் புதியவர்கள். மனைவி அதே புரியாணியைத்தான் ஆக்குகிறார். சஹனில் யாரும் என் பக்கத்துக்கு எல்லை தாண்டி வருவதில்லை, நான் பங்கு குறையாமல் சாப்பிட்டுவிட்டுக் குறைப்பட்டுக்கொள்கிறேன்.

புதியவர்கள் என்னைக் கொஞ்சம் கடுமையான ஆள் என்று நினைக்கிறார்கள், எடுத்தவுடன் ஆகாததையே சொல்கிறாரே என்று முணுமுணுப்பதும் காதில் விழுகிறது. ஆனால் எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் யார் என் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் வாழ்க்கையை அதன்மேல் தீர்மானிக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியாது, அதனால் அவர்களுடைய முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே இல்லாததை இல்லை என்று சொல்ல இந்த வயதில் பழகிக்கொண்டேன்.