எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பில்டிங் பிக்னிக். செம்பூரிலிருந்து ஒரு பஸ் பிடித்து, எக்ஸ்பிரஸ்வே பக்கமாக இருக்கிற ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். பஸ் கிளம்பும்போதே என் கணவர் அறிவித்துவிட்டார் — "நான் எந்த ராட்டினத்துலயும் ஏற மாட்டேன். பைகளைப் பார்த்துக்கறேன்." பைகளுக்கு அப்படி என்ன ஆபத்து வந்துவிடப் போகிறதோ... மற்றவர்கள் எல்லாரும் தண்ணீர் விளையாட்டுக்கு ஓடிவிட்டார்கள். எனக்குத் துணியோடு நனைவது பிடிக்காது. ஆகவே நான் மட்டும் தனியாகப் போய் ரோலர் கோஸ்டர் கியூவில் நின்றேன்.

இந்த வயதில் ரோலர் கோஸ்டர் தேவையா என்று கேட்காதீர்கள். தினமும் குர்லாவில் ட்ரெயின் மாறி ஆபீஸ் போகிறவள் நான். இதெல்லாம் ஒரு பயமா?

ஆனால் அந்தக் கியூ இருக்கிறதே... கம்பிகளுக்கு நடுவே போய், திரும்பி, மறுபடி போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிற மாதிரி ஒரு கியூ. மும்பைக்காரர்களுக்குக் கியூ ஒன்றும் புதிதில்லை. பஸ்ஸுக்கு, ரிக்‌ஷாவுக்கு, லிஃப்டுக்கு என்று பாதி ஆயுசு நமக்கு நின்றே போகிறது. ஆனால் நின்றால் பேசுவோம். ஷேர் ரிக்‌ஷா கியூவில் எனக்கு ஒரு உயிர்த் தோழி கிடைத்திருக்கிறாள். ஒரு நல்ல டெய்லர்கூடக் கிடைத்தார்.

இங்கே? ஒரு தலையாவது நிமிர்ந்திருக்க வேண்டுமே! அப்பா கையில் ஒரு போன், அம்மா கையில் ஒன்று, பிராமில் படுத்திருக்கிற குழந்தைக்கு முன்னால் ஒன்று. எனக்கு மூன்று இடம் முன்னால் ஒரு இளைஞன், அயர்ன் பண்ணின சட்டை, நெற்றியில் திருநீறு — அவனும் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள், மீன் குழம்பு வைக்கிற வீடியோவை முழுச் சத்தத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், எனக்கு நேர் முன்னால், சுடிதார் போட்ட ஒரு பெண். அவளும் போனும் கையுமாகத்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசைக் கொட்டிக் கொடுத்து இவ்வளவு தூரம் வந்து, வீட்டில் பார்க்கிறதையே பார்ப்பானேன்? இந்த வாரம், பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தில், போனை ஒரு பிடி பிடித்துவிடுவது என்று முடிவே கட்டிவிட்டேன். முதல் இரண்டு பத்தி மனசுக்குள் ஓடியும் விட்டது. ரொம்ப நன்றாக வந்திருந்தது என்று வேறு எனக்கு ஒரு திருப்தி.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. கணவர்தான். பசிக்கிறதாம். "பையைத்தானே பார்த்துண்டிருக்கேள்? அதைத் திறந்தும் பாருங்கோ, இட்லி இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சுடிதார் பெண் சட்டென்று திரும்பினாள்.

"ஆன்ட்டி, நீங்க தமிழா?"

"ஆமாம்மா."

"உங்களுக்குத் தமிழ் படிக்கக்கூட வருமா?"

வாராவாரம் இந்தப் பக்கத்தை நிரப்புகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஏதாவது சுள்ளென்று சொல்லியிருப்பேன். ஆனால் அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. "வரும்" என்றேன், அடக்கமாக.

போனை என் பக்கம் நீட்டினாள். "இதுல என்ன போட்டிருக்குன்னு மெதுவா படிச்சுச் சொல்றீங்களா? அத்தைக்குக் கேக்கக் கூடாது."

மீன் குழம்பு அம்மாள்தான் அத்தை, இவள் அப்பாவின் அக்கா. திருநீறு இளைஞன்தான் மாப்பிள்ளை. பேர் சுயம்பு. ஊர் திசையன்விளை, சொந்தமாகப் பாத்திரக் கடை. இவள் இசக்கியம்மாள் — "ஆபீஸ்ல ஈஷா, ஆன்ட்டி" — தாராவியில் பிறந்து வளர்ந்தவள். மாஹிமில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. பெண் பார்க்கிற படலம் வீட்டில் வைத்தால் சால் என்கிற அந்த ஒண்டுக் குடித்தனக் கட்டடம் மொத்தமும் வாசலில் வந்து எட்டிப் பார்க்கும். அத்தையோ இந்தப் பார்க்கை ரீல்ஸில் பார்த்துவிட்டு, இங்கேதான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். பெரியவர்கள் எல்லாரும் ஃபுட் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தார்கள். "பிள்ளைகள் ரெண்டும் பேசிக்கிடட்டும்" என்று பெருந்தன்மையாக அனுப்பிவிட்டு, நடுவில் அத்தையையும் நிறுத்தியிருந்தார்கள். ரைடு முடிந்து போனதும் பதில் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளைக்கு அன்று ராத்திரியே ட்ரெயின்.

"ஒரு வாரமா அவர் மெசேஜ் அனுப்புறாரு ஆன்ட்டி. எல்லாம் தமிழ் எழுத்துல. எனக்குப் பேசத்தான் வரும். ஸ்கூல்ல ஹிந்தி, மராட்டி, இங்கிலீஷ்தானே..."

"நீ என்ன பதில் அனுப்பினே?"

"எல்லாத்துக்கும் தம்ஸ் அப் போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, மொழிபெயர்க்கிற ஆப் இருக்கே?"

"போட்டுப் பாத்தேனே! முதல் மெசேஜே, 'அம்மை நோய்க்கு உங்கள் போட்டோ பிடித்திருக்கிறது'ன்னு வந்துச்சு. விட்டுட்டேன்."

திருநெல்வேலிப் பக்கம் அம்மாவை அம்மை என்பார்கள். பாவம், ஆப்புக்கு அது எங்கே தெரியப்போகிறது?

படிக்க ஆரம்பித்தேன். சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா, அங்கே மழையா — கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல். அப்புறம் புதன்கிழமை வந்தது ஒன்று கொஞ்சம் நீளம்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அம்மைக்கு முட்டு வலி, ஒத்தையில விட முடியாது. கல்யாணம் ஆனா ஊர்லதான் இருக்கணும். நீங்க வேலைய விட்டுரணும்னு அம்மை சொல்லுதாவ. உங்களுக்குச் சம்மதமா?"

அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல். பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ.

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அடுத்ததையும் படித்தேன். "ரொம்ப சந்தோஷம். நீங்க உடனே சரின்னு சொல்லுவீங்கன்னு நெனைக்கல. அம்மை அழுதுட்டாவ." அதற்கும் ஒரு கட்டைவிரல்.

"ஆன்ட்டி... திரும்பப் படிங்க" என்றாள் இசக்கி. திரும்பப் படித்தேன். இரண்டாவது தடவை படித்தால் மட்டும் வேறு மாதிரி இருக்குமா என்ன?

"நான் வேலைய விடுறேன்னு சொல்லிட்டேனா?" கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "குழந்தைங்க, வயசானவங்க எல்லாம் ஈஷா எடுத்தாத்தான் வலிக்காதுன்னு எனக்காக வெயிட் பண்ணுவாங்க ஆன்ட்டி. ஊருன்னாகூடப் பரவால்ல. வேலை இல்லாம சும்மா எப்படி உக்காருறது?"

"படிக்க வராதுன்னு முதல்லயே சொல்லக் கூடாதா?"

"பயோடேட்டால எங்கப்பா போட்டுட்டாரே, தமிழ் எழுதப் படிக்கத் தெரியும்னு! அவரும் போன்ல பேசினப்போ, பம்பாய்ப் பொண்ணு தமிழ் படிக்குமான்னு அவ்ளோ பெருமையாச் சொன்னாரு. அப்புறம் எப்படிச் சொல்வேன்? ரூம்ல ஏழு பேரு. வாய்ஸ்ல பேசவும் முடியாது."

நம் மும்பைத் தமிழ் வீடுகளில் இப்படி எத்தனை பிள்ளைகள்! வாய் திறந்தால் தமிழ் கொட்டும். கோயில் போர்டைக் காட்டினால் முழிக்கும். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? வாய்ப்பே இல்லாமல் வளர்த்துவிட்டு, பயோடேட்டாவில் மட்டும் படிக்க வைத்துவிடுகிறோம்.

இன்னொன்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலை குனிந்து போன் தட்டுகிறவர்கள் எல்லாம் உலகத்தை மறந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேனே... ஏழு பேர் படுக்கிற அறையில் வளர்ந்த பெண்ணுக்குத் தனியாக ஒருத்தனிடம் பேச வேறு எந்த இடம் இருக்கிறது? இங்கேகூட அத்தையைத் தாண்டி அவனிடம் போக அந்தப் போனுக்கு மட்டும்தான் முடிந்தது.

"டிங்." புது மெசேஜ். அனுப்பியவன் நாலடி தள்ளி நிற்கிறான். படித்தேன்.

"நெசமாவே வேலைய விட உங்களுக்குச் சம்மதந்தானா? இல்ல எனக்காகச் சொன்னீங்களா? உங்க மொகம் சரியில்லாம இருக்கு. எதுன்னாலும் சொல்லுங்க. கீழ போனதும் உங்கப்பா கேப்பாவ."

கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். ஆள் நல்லவனாக இருக்கிறானே!

"நீங்களே டைப் பண்ணிக் குடுங்க ஆன்ட்டி. வேலைய விட மாட்டேன்னு" என்றாள். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வாங்கி, 'தங்கள் அன்பான கேள்விக்கு நன்றி. எனினும்...' என்று ஆரம்பித்து, மூன்று வாக்கியத்தில் கண்ணியமான ஒரு மறுப்பு எழுதி, படித்தும் காட்டினேன். இசக்கி பதறிப்போய் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வேணாம் ஆன்ட்டி! இவ்ளோ நல்லாத் தமிழ் எழுதினா நான் இன்னும் நல்லா மாட்டிக்குவேன்."

என் எழுத்துக்கு இதுவரை வந்த விமர்சனங்களில் இதுதான் நேர்மையானது. அவளே இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினாள். நிறுத்தி நிறுத்தித் தட்டினாள். எனக்கும் காட்டினாள்.

"எனக்குத் தமிழ் படிக்க வராது. நீங்க எழுதினது எல்லாம் இப்பத்தான் ஒரு ஆன்ட்டி படிச்சுச் சொன்னாங்க. தெரியாம தம்ஸ் அப் போட்டது என் தப்பு. சாரி. ஊருக்கு வர்றதைப் பத்திப் பேசலாம். வேலைய மட்டும் விட மாட்டேன்."

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முன்னால் அவன் போன் ஒளிர்ந்தது. குனிந்து படித்தான். காது சிவந்தது. மறுபடி படித்தான். பிறகு மெல்லத் திரும்பினான் — அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்! 'ஒரு ஆன்ட்டி' யார் என்று தேடுகிறான் போலிருக்கிறது. நான் வானத்தைப் பார்த்தேன். மேலே ஒரு வண்டி நிறைய ஆட்கள் தலைகீழாக அலறிக்கொண்டு போனார்கள்.

இசக்கியின் திரையில் 'டைப்பிங்...' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். யார் வீட்டுக் கல்யாணமோ, எனக்கு ஏன் இத்தனை பதைப்பு?

அதற்குள் கியூவின் முனை வந்துவிட்டது. ஊழியர் ஒரு ட்ரேயை நீட்டினார். "போன், பர்ஸ், சஷ்மா — சப் இதர்!" போன், பர்ஸ், மூக்குக்கண்ணாடி எதையும் ரைடில் கொண்டுபோகக் கூடாதாம். இசக்கி ஒரு நிமிஷம் என்று கெஞ்சினாள். "மேடம், பீச்சே லைன் தேக்கோ" என்று பின்னால் நிற்கிற வரிசையைக் காட்டி, கையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டார். அவன் போனும் போயிற்று. மீன் குழம்பும் போயிற்று.

ஒரு வரிசைக்கு இரண்டு சீட். முறைப்படி பார்த்தால் அவனும் அத்தையும் ஒரு ஜோடி, இசக்கியும் நானும் ஒரு ஜோடி. அத்தை அந்தச் சீட்டையும் இரும்புப் பட்டையையும் பார்த்து எச்சில் விழுங்கினார். விட்டுவிடுவேனா? அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, எனக்குத் தலை சுத்தறது. கொஞ்சம் கூட நில்லுங்கோ."

"ஐயோ, என்னம்மா ஆச்சு? வாங்க, வாங்க, உக்காருவோம்" என்று அத்தை என்னைவிட வேகமாக வெளியே வந்தார். அவ்வளவு நேரம் வெயிலில் காத்து நின்றும் அந்த ரைடில் நான் ஏறவே இல்லை. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். போன் இல்லை, அத்தை இல்லை. நன்றாகப் பேசட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கி வந்தார்கள். அவனுக்குத் திருநீறு கலைந்திருந்தது. அவளுக்கு முடி எல்லாம் முகத்தில் கிடந்தது. ஓடிப்போய் அவளிடம் கேட்டேன், "என்ன பேசினீங்க?"

"பேசவா? கண்ணையே திறக்கல ஆன்ட்டி. அவர் முருகா முருகான்னு கத்தினாரு. நான் சும்மாவே கத்தினேன்."

போச்சு! என் ரைடும் வீண், தலைசுற்றலும் வீண்.

ட்ரேயிலிருந்து போன்கள் திரும்பி வந்தன. அவள் திரையில் அவன் மெசேஜ் காத்திருந்தது. நாலைந்து வரி, எல்லாம் தமிழ் எழுத்து. பழக்க தோஷம்... அவனுக்கு வேறு என்ன தெரியும்? இசக்கி போனை என்னிடம் நீட்டினாள். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

ஆனால் அவள் கையை இழுத்துக்கொண்டாள். நேராக அவனிடம் போய் நின்றாள்.

"எனக்குப் படிக்க வராதுன்னு சொன்னேன்ல? நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

அவன் அத்தையைப் பார்த்தான். அத்தை போனை அப்போதுதான் கையில் வாங்கியிருந்தார், இன்னும் வீடியோ ஓடவில்லை. வேறு வழியில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி வாசித்தான்.

"தப்பு எனக்கும் உண்டு. வெறும் கட்டைவிரலைப் பாத்துட்டு சந்தோஷப்பட்டேன். என்னால அம்மைய விட்டுட்டு வர முடியாது. நீங்க வேலைய விட வேண்டாம். ரெண்டுக்கும் சேத்து ஒரு வழி இருக்கான்னு பாப்போம். நாகர்கோவில்ல லேப் நெறைய உண்டு. அம்மைகிட்ட நான் பேசுதேன். ஒத்து வரலன்னா... வருத்தமில்லாம சொல்லிக்கிடுவோம்."

"யாருலே வேலைய விடணும்னு சொன்னது?" என்றார் அத்தை.

இசக்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். "இப்பப் புரிஞ்சு சொல்றேன். பேசலாம்."

அத்தைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பாதி காதில் விழுந்தாலும் 'சரி' என்கிற வார்த்தை முழுசாக விழுந்திருந்தது. "அப்ப போயி சம்மதம்னு சொல்லிருவமா? இன்னைக்கே உறுதி பண்ணிருவமா?"

"வேண்டாம்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

அத்தை பாவம், அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கென்னவோ இந்தக் கல்யாணம் நடக்கும் என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.