எழுபத்தைந்து பவுண்டு தாங்கும் வண்டி

மாரிட் சுந்த்வால் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற முதல் குழந்தைத் தள்ளுவண்டியைப் பிடித்துக் குப்புறக் கவிழ்ப்பாள். மற்றப் பெண்கள் துணியைத் தடவிப் பார்ப்பார்கள், காபிக் கோப்பை வைக்க இடம் இருக்கிறதா என்று தேடுவார்கள், மடக்கினால் கார் டிக்கியில் போகுமா என்று கேட்பார்கள். இவள் தரையில் முழங்காலிட்டு, வண்டியின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சீட்டை மூக்கு உரச வாசிப்பாள். எத்தனை பவுண்டு எடை வரை தாங்கும் என்கிற ஒரே ஒரு எண்தான் அவளுக்கு வேண்டும். ஐம்பது என்று போட்டிருந்தால், "நீயும் அவ்ளோதானா, போ" என்று வண்டியிடமே சொல்லிவிட்டு நிமிர்த்தி வைப்பாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து அடுத்ததற்கு நகர்வாள்.

ஏரிக்கரை ஊரான டுலூத்தில் பிள்ளை பெற்றவர்கள் மூன்று சக்கர வண்டி வாங்குவது அதைத் தள்ளிக்கொண்டே ஓடுவதற்கு. ஜூன் மாதம் ஏரிக்கரையோரமாக நடக்கும் மாரத்தானுக்காக ஊரே பித்துப் பிடித்து அலையும். பனி உருகிப் பாதை கண்ணுக்குத் தெரிந்த மறுநாளே, உள்ளே தூங்குகிற குழந்தையும் பின்னால் மூச்சிரைக்கிற தாயுமாக இந்த வண்டிகள் கிளம்பிவிடும். மாரிட் பஸ்ஸைப் பிடிப்பதற்குத் தவிர வேறு எதற்கும் ஓடியவள் அல்ல. முப்பத்தெட்டு வயதில் அதையும் விட்டுவிட்டாள். அவளுக்கு மூன்று சக்கரம் வேண்டியிருப்பது மகன் ஆரினுக்காக. ஆரினுக்கு ஐந்தரை வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் அவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அவனுடைய அப்பா இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலை பார்க்கிறார். மார்ச் கடைசியில் ஏரி திறந்ததும் போகிறவர், ஜனவரியில் பனி உறைந்து வழி மூடியபிறகுதான் வீடு திரும்புவார். அவர் இல்லாத நாட்களில் ஆரின்தான் கேப்டன், வண்டியைத் தள்ளுகிற அம்மா எஞ்சின்.

"எஞ்சின் ரூம்! ஏன் நின்னுட்ட?"

"எஞ்சினுக்கு மூச்சு வாங்குதுடா. ரெண்டு நிமிஷம் குடு."

"புயல் வருது. ரெண்டு நிமிஷம்லாம் குடுக்க முடியாது."

"அப்ப கேப்டன் போயி வேற எஞ்சின் வாங்கிக்கட்டும்."

"கடையில கேட்டாச்சு. ஸ்டாக் இல்லயாம்."

டுலூத் சரிவில் அமைந்த ஊர். எல்லாத் தெருவும் மேலிருந்து ஏரியைப் பார்த்து இறங்கும், ஏறும்போது உயிரை வாங்கும். மாரிட் வேலை செய்கிற ஓட்டல் அடிவாரத்தில், வீடு மேட்டில். பகல் முழுக்கச் சலவைக்கூடத்தில் நின்று இரட்டைக் கட்டில் விரிப்புகளைத் தோளுக்கு மேலே தூக்கி உதறி மடித்துவிட்டு, பள்ளியிலிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு, அதே தோளால் நாற்பத்து நான்கு பவுண்டு எடையுள்ள ஆரினையும் வண்டியையும் மேலேற்ற வேண்டும். நேராக ஏற்ற மாட்டாள். தெருவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சாய்த்துச் சாய்த்து ஏற்றுவாள். வேகமாகத் திரும்பினால் மூன்று சக்கரம் ஒருபக்கம் தூக்கும் என்பதால் திருப்பம் வரும்போதெல்லாம் இடுப்பால் முட்டுக்கொடுப்பாள். புதுப் பனியில் முன்சக்கரம் புதைந்துகொள்ளும். அப்போது வண்டியைத் திருப்பிப் பின்புறமாக இழுத்துக்கொண்டு போவாள். "வந்த வழியையே எத்தன நேரம்மா பாக்குறது?" என்று ஆரின் அலுத்துக்கொள்வான். அவளுக்கும் அலுப்புத்தான். ஆனால் அதைச் சொல்ல மூச்சு வேண்டுமே.

இப்போது வைத்திருக்கிற வண்டி யாரோ வீட்டு வாசலில் "இலவசம்" என்று அட்டை எழுதி வைத்துவிட்டுப் போனது. வந்தபோதே அதற்கு வயதாகியிருந்தது. பையனின் தலை முட்டியதால் மேல்கூரையைக் கத்தரித்து எறிந்தாள். கால்கள் நீண்டு முன்சக்கரத்தில் உரசி, இடது பூட்ஸின் நுனி தேய்ந்து நூல் தெரிகிறது. போன வாரம் உட்காரும் துணி ஒருபக்கம் கிழிந்து, கேப்டன் சாய்ந்தபடியே மலையேறினார். கிழிசலைச் சலவைக்கூடத்துத் தடித்த நூலால் தைத்திருக்கிறாள். இது அதிக நாள் தாங்காது என்று அவளுக்கே தெரியும்.

போகிற வழியில் எல்லோருக்கும் ஒரு கேள்வி இருக்கும். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் பையனைப் பார்த்து, "ஏன் தம்பி, இவ்ளோ பெரிய ஆளா இருந்துக்கிட்டு அம்மாவ தள்ள விடுறியே, இறங்கி நடக்கலாம்ல?" என்பார். மாரிட் ஒருநாளும் உண்மையைச் சொன்னதில்லை. ஒரு சமயம் காலில் சுளுக்கு என்பாள். ஒரு சமயம், "பந்தயத்துல தோத்துட்டேங்க, ஒரு வருஷம் தள்ளணும்னு பேச்சு" என்பாள். எரிச்சல் மிகுந்த நாட்களில், "மாரத்தானுக்கு பழகறேன், சின்ன புள்ளய வச்சி தள்ளுனா உடம்பு எறங்குமா?" என்று கேட்டுவிட்டு நகர்வாள். இந்தக் கடைசிப் பொய் ஊரில் வேர் பிடித்துவிட்டது. சலவைக்கூடத்தில் கூட வேலை செய்யும் பெண்கள் அவளை "ஓட்டக்காரி" என்று கூப்பிடுகிறார்கள். அதில் ஒருத்தி போன கிறிஸ்துமஸுக்கு வியர்வை துடைக்கிற நெற்றிப்பட்டை ஒன்று பரிசளித்தாள். மாரிட் அதைத்தான் பாத்திரம் தேய்க்கும்போது மயிர் விழாமல் கட்டிக்கொள்கிறாள்.

பொய் சொல்ல முடியாத இடம் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை ஆரினுக்குக் கால் பயிற்சி கொடுக்கும் திருமதி வைக்கலாவின் அறை. நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அந்த அம்மாள் அன்பானவள், ஆனால் விடாப்பிடியானவள். போன இலையுதிர் காலத்திலிருந்தே ஒரே பாட்டு.

"மாரிட், அடுத்த வருஷம் அவன் உன் நெஞ்சு உயரத்துக்கு வந்துடுவான். சக்கர நாற்காலில அவன ஒருதடவ உக்கார வெச்சாவது பாரேன்."

"பாக்கலாம்."

"நீ பாக்கலாம்னு சொல்லியே பனிக்காலம் முடிஞ்சிருச்சு."

"இப்பதான முடியுது. இன்னும் ஒரு பனி பெய்யும் பாருங்க."

அந்த அறையின் மூலையில் குழந்தைகளுக்கான சின்னச் சக்கர நாற்காலி ஒன்று நிற்கிறது, சிவப்பு நிறத்தில். மாரிட் ஒவ்வொரு முறையும் அது மகனின் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி பார்த்து அவனை உட்கார வைப்பாள். பயிற்சி முடிந்ததும் தன் உடம்பாலேயே அதை மறைத்துக்கொண்டு அவனைத் தூக்கி வெளியே வந்துவிடுவாள். இதை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

அவளுடைய நியாயம் எளிமையானது. தள்ளுவண்டியில் உட்கார்ந்த பிள்ளைகள் எல்லாம் ஒருநாள் அதிலிருந்து இறங்கிவிடுகின்றன. இவனும் ஒருவேளை இறங்குவான், கொஞ்சம் தாமதமாக. சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளை இறங்கி அவள் பார்த்ததில்லை. அதில் அவனை வைப்பது, அவன் நடக்க மாட்டான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது போல என்று அவள் நம்பினாள். அதனால்தான் ஐம்பது தாங்கும் வண்டிகளைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, அதற்கு மேலே தாங்குவதைத் தேடினாள். அப்படி ஒன்று கிடைத்தால் இன்னும் மூன்று வருஷம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

ஏப்ரல் மாதச் சனிக்கிழமையொன்றில் அது கிடைத்தது. ஓட்டக்காரர்களுக்கான சாமான்கள் விற்கிற கடையில், காலணி அடுக்குகளைத் தாண்டி, கடைசிச் சுவரோரமாக நின்றது. கவிழ்த்தாள். எழுபத்தைந்து. மூக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோய் மறுபடி வாசித்தாள். எழுபத்தைந்துதான். காற்றடைத்த டயர்கள், பின்னால் இரண்டும் சைக்கிள் சக்கரம் அளவுக்குப் பெரியவை. ஆரினைப் பழைய வண்டியிலிருந்து தூக்கி இதில் உட்கார வைத்தாள். தலை முட்டவில்லை, கால் உரசவில்லை. எழுந்து நின்றபோது அவளுக்கு வந்தது சந்தோஷம்கூட இல்லை. எங்கேயாவது படுத்துத் தூங்கலாம் போலிருந்தது.

கடைக்காரி கார்லா ஐம்பது வயதுக்கு மேற்பட்டவள், பொட்டுக் கொழுப்பில்லாத உடம்பு. மூன்று சக்கர வண்டியிடம் ஒரு பெண் நிற்பதைக் கண்டதும் முகம் மலர்ந்து வந்துவிட்டாள்.

"வாரத்துக்கு எத்தன மைல் ஓடுறீங்க?"

"இருக்கும்... ஒரு இருபது," என்றாள் மாரிட்.

"மேட்டுலயா?"

"மேட்டுலதான். வேற எங்க ஓடுறது இந்த ஊர்ல."

"அடேங்கப்பா! அப்ப இத ஞாபகம் வெச்சுக்கங்க. ஓடும்போது முன்சக்கரத்த பூட்டிடணும், நேரா மட்டும்தான் போகும். கடைகண்ணிக்கு போறப்ப பூட்ட எடுத்துடுங்க, எந்தப் பக்கம் வேணாலும் திரும்பும். இப்ப பூட்டு எடுத்துதான் இருக்கு, தள்ளிப் பாருங்க." கார்லா குனிந்து பையனின் கன்னத்தைத் தட்டினாள். "செல்லத்துக்கு என்ன வயசு?"

"நாலு," என்றாள் மாரிட்.

"அஞ்சரை," என்றான் ஆரின். "அம்மா ஓடவும் மாட்டாங்க."

கார்லா சிரித்தாள், பிள்ளைகள் பேச்சு என்று நினைத்திருப்பாள். உள்ளே பிரிக்காத புதுப்பெட்டி இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று பின்கட்டுக்குப் போனாள். மாரிட் கைப்பிடியின் மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, தலையைக் கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நாளெல்லாம் நிற்கிறவர்களுக்கு எது கிடைத்தாலும் சாய்வதற்குத்தான்.

கைப்பிடி லேசாக இழுத்தது. தரை சரிவாக இருக்கும் என்று நினைத்து இறுக்கிப் பிடித்தாள். மறுபடியும் இழுத்தது, இந்த முறை இடப்பக்கமாக. கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஆரின் பக்கவாட்டில் சரிந்து, கையை நீட்டி, பின்சக்கரத்தின் டயரைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தான். நாக்கு பல்லுக்கிடையே மடிந்திருந்தது. புது ரப்பரின் கறுப்பு உள்ளங்கையெல்லாம் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் தள்ளிவிட்டு மறுபக்கம் சரிந்து அந்தச் சக்கரத்தையும் தள்ளினான். வண்டி விரற்கடை அளவு நகர்ந்து நின்றது. இவனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"என்னடா பண்ற?"

"போறேன்."

"எங்க?"

"அந்த ஷூ கிட்ட. அந்த பச்ச ஷூ." திரும்பிப் பார்க்காமலே சொன்னான். முகம் சிவந்திருந்தது. "அம்மா, விடு."

"எத?"

"கைப்பிடியத்தான். நீ புடிச்சிருக்க, அதான் போகமாட்டேங்குது."

மாரிட் கைப்பிடியை விடவில்லை. பின்கட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த கார்லா பதறிப் போய், "ஐயோ, கைய உள்ள வைக்கச் சொல்லுங்க, ஆரக்கால்ல விரல் மாட்டிக்கும்! இது உக்காந்திருக்கறவங்களே தள்ளி ஓட்டற வண்டி இல்ல!" என்று தூரத்திலிருந்தே கத்தினாள்.

"தெரியுதுங்க," என்றாள் மாரிட். "அதுக்கு வேற ஒண்ணு இருக்கு, செவப்பா." அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. பிறகு மகனிடம், "ஆரக்கால் பக்கம் போகாத, டயர மட்டும் புடி," என்றாள்.

"டயரத்தான் புடிச்சிருக்கேன். நீ விடு."

அவள் கைப்பிடியிலிருந்து விரல்களை எடுத்தாள். எடுத்த கைகள் தாமாகவே போய் மறுபடி பிடித்துக்கொள்ளப் பார்த்தன. இரண்டையும் கோட்டுப் பைகளுக்குள் விட்டு, அடி வரைக்கும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.